புத்தகத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

வணக்கம் அம்மா,

மகளுக்குப் பேராதனைக் கலைப்பீடம் கிடைத்ததில் மிகவும் சந்தோஷம். புத்தகங்களுக்கும் மடிகணினிக்கும் சேர்த்துப் பெரிய தொகை வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்துக்காக வேண்டவே வேண்டாம். கையில் இருக்கும் காசு விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போகட்டும். முதல் பருவம் முடியட்டும், எந்தப் புத்தகத்தைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். மடிகணினியும் அப்படித்தான். அதுவரை நூலகத்துக் கணினிகளை வைத்துச் சமாளிக்கலாம்.

பேராதனை நூலகம் சின்ன இடம் அல்ல. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியோடு தொடங்கி, 1952இல் பேராதனைக்கு வந்தது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி போய்ச் சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவும் இருக்க, நிறையப் பிள்ளைகள் அங்கே போவது மின்விசிறிக்குக் கீழே இருந்து சொந்த நோட்ஸைப் பாடமாக்கத்தான்.

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் கொடுக்கும் பாட விபரத்தின் கடைசியில், வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் இருக்கும். அதை யாரும் புரட்டுவதில்லை. சீனியர்மார் கொடுக்கும் போட்டோக்கொப்பி நோட்ஸ் கையில் இருக்கிறதே! நோட்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே நோட்ஸை வைத்து நூறு பேர் எழுதினால், திருத்துகிறவருக்கு அது தெரியாமலா போகும்? மகள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடட்டும். கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அலுமாரிக்குப் போனால், பக்கத்திலேயே அதே விஷயத்தில் வேறு நாலு புத்தகம் இருக்கும். புத்தகங்களை விஷயவாரியாக எண் கொடுத்து அடுக்க, பெரும்பாலான நூலகங்கள் பின்பற்றும் டூயி முறையில் 330 என்றால் பொருளியல், 370 என்றால் கல்வி. ஒரு வாரம் புழங்கினால் பழகிவிடும். எல்லோரும் கேட்கும் புத்தகங்களைக் குறுங்கால இரவலில்தான் கொடுப்பார்கள், அதனால் விரிவுரை முடிந்த கையோடு போவது நல்லது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு வரும்முன் திருப்பிக் கொடுக்கவோ தவணையை நீட்டவோ வேண்டும். தண்டப்பணம் ஒருபக்கம், பட்டம் முடித்து வெளியேறும்போது நூலகத்தில் பாக்கி இல்லை என்ற ஒப்பமும் கேட்பார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் கேட்பதற்குத் தயங்குகிறார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ், ஆஸ்பத்திரி, கச்சேரி எனும் மாவட்ட அரச அலுவலகம் என்று எங்கே போனாலும் வாசலில் காத்து நின்று, நமக்குப் பழக்கமில்லாத மொழியில் கெஞ்சிக் கேட்டுப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. அந்தத் தயக்கம் கம்பஸ் வரை கூடவே வருகிறது. நூலகத்தின் உசாத்துணைப் (reference) பகுதியில் இருப்பவரின் வேலையே கேட்பவருக்கு வழி காட்டுவதுதான் என்று மகளிடம் சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசக் கூச்சமாக இருந்தால், ஒப்படையின் தலைப்பை ஒரு தாளில் எழுதி நீட்டினாலே போதும். “புத்தகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டால் “இருக்கு”, “இல்லை” என்பதோடு முடிந்துவிடும். “தோட்டத் தொழிலாளர் சம்பளம் பற்றி எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம்?” என்று கேட்டால் பழைய ஆய்வேடுகள், அரச அறிக்கைகள், சஞ்சிகைகள் என்று எடுத்துக் காட்டுவார்கள். நம்மைப் பற்றி எழுதப்பட்ட எவ்வளவோ அங்கே தூசி பிடித்துக் கிடக்கிறது.

தமிழில் தேட, 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணைய எண்ணிம நூலகமும் இருக்கிறது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகளோடு மலையகம் பற்றியவையும் அதில் உண்டு. காசு கட்டத் தேவையில்லை. பல்கலைக்கழகம் சந்தா கட்டும் ஆய்விதழ்களை வளாக வைஃபையில் திறந்து பார்க்கலாம், வெளியிலிருந்து திறக்க வழி உண்டா என்று நூலகத்திலேயே விசாரிக்கட்டும். எப்படியோ, தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் தேடி ரோட்டு முடக்கு வரை நடப்பதைவிட, விடுமுறைக்குக் கிளம்பும்முன் தேவையானதைப் போனில் இறக்கிக்கொண்டு வருவது புத்தி.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் நூலகம் உதவும். வெள்ளிக்கிழமை தோறும் வரும் அரச வர்த்தமானியில் (கெசட்) அரச வேலைகளுக்கும் போட்டிப் பரீட்சைகளுக்கும் விண்ணப்பம் கோருவார்கள். அது இணையத்தில் தமிழிலும் கிடைக்கும், நூலகக் கணினியிலேயே பார்த்துவிடலாம். முடிவுத் திகதி கடந்த பிறகு விளம்பரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். மூன்றாம் வருடம் வரை காத்திராமல் இப்போதிருந்தே பார்த்து வந்தால், எந்தப் பதவிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பது தெரியவரும். இரண்டாம் வருடத்துக்கு எந்தப் பாடங்களைத் தேர்வது என்று மகள் யோசிக்கும்போது அது கைகொடுக்கும். அந்த நேரம் வந்ததும் அவளை என்னோடு பேசச் சொல்லுங்கள்.