உணவுப் புகைப்படம் எடுப்பது கலையா, வெறும் தொழில்நுட்பமா?

“நல்ல கேமரா இருந்தால் யார் வேண்டுமானாலும் சாப்பாட்டைப் படம் எடுத்துவிடலாமே, இதில் கலை எங்கே இருக்கிறது? நானும் இதில் இறங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் உணவகங்களுக்கும் மசாலா, நெய் விற்கும் நிறுவனங்களுக்கும் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. கேமராவைப் பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. இன்றைய கைப்பேசியிலேயே நல்ல படம் வரும். கலை எங்கே என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தொழிலைப் பேசிவிடுகிறேன், என் வேலையில் பெரும்பங்கு அதுதான். இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்தே கணக்குப் போடும். அதன் போக்கில் விட்டால் இட்லி துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய வேட்டி நிறத்தில் வந்து நிற்கும். சரி என்று எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) ஏற்றினால் நிறம் வெளுக்கும், ஆனால் மேலே இருக்கும் நுண்துளைகள் காணாமல் போய்விடும். அப்புறம் அது இட்லியா, சோப்பா என்று யாருக்கும் தெரியாது. அதனால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக இறக்கி, ஒவ்வொரு துளையிலும் பொடி நிழல் விழும்படி செய்ய வேண்டும். இதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே இட்லியின் மேல்பரப்பு காய்ந்து மினுமினுப்பு போய்விடும். ஆகவே ஒரு பலிகடா இட்லியை வைத்து விளக்கை ஒழுங்குபடுத்திவிட்டு, கடைசியில்தான் படத்தில் வரப்போகும் ‘ஹீரோ’ இட்லியை ஆவியோடு கொண்டுவரச் சொல்வோம்.

எவர்சில்வர் டபரா டம்ளர் இன்னொரு தலைவலி. அது அறையில் உள்ள எல்லாவற்றையும் காட்டும்: கேமரா, விளக்கு, என் சட்டை. லென்ஸின் முன்னால் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடி, தண்ணீர், இலை ஆகியவற்றின் பளபளப்பை அது குறைக்கும், உலோகத்தின் பிரதிபலிப்பிடம் அதன் பாச்சா பலிக்காது. டம்ளரைச் சுற்றி வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ கட்டி, உருண்டை வடிவம் தெரிவதற்காக இரண்டு ஓரத்திலும் கறுப்பு அட்டையை நிறுத்துவதுதான் வழி. அதே ஃபில்டரைக் குழம்பின் மேல் திருப்பிப் பாருங்கள், எண்ணெயின் பளபளப்பு போய்க் குழம்பு செத்துவிடும்.

ஜன்னல் வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பாடங்களில் எல்லாம் ‘வடக்கு ஜன்னல்’ என்று சொல்வார்கள், அங்கே வடக்கிலிருந்து நேர் வெயில் வராது என்பதால். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பிப் படப்பிடிப்பு வைத்தால் தட்டின் மேல் சுள்ளென்று வெயில் விழும். மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று கையில் இருந்தால் திசையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

இது எதையும் நான் கலை என்று சொல்ல மாட்டேன். கற்றுக்கொடுத்தால் வருகிற வேலை இது. என்னிடம் உதவியாளராக வந்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே என்னைவிட வேகமாக விளக்கு வைக்கிறார்கள். ஆனால் இதற்கு முன்னால் ‘வெறும்’ என்று சேர்ப்பதுதான் எனக்குப் பிடிக்காது. கை பழகாதவருக்கு மனதில் என்ன தோன்றினாலும் அது படத்தில் வந்து சேராது.

கலை என்று ஏதாவது இருந்தால், எதைக் காட்டுவது, எதை மாற்றாமல் விடுவது என்று முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிறது. திண்டுக்கல் பிரியாணி ஓர் உதாரணம். சீரகச் சம்பாவில் செய்வது. அரிசி பொடியாக இருக்கும், மசாலாவோடு ஒட்டி வரும், நிறமும் அடங்கிய பழுப்புதான். வாடிக்கையாளரின் மனதில் இருப்பதோ நீள நீளமான பாசுமதி, ஆங்காங்கே குங்குமப்பூ நிறத்தில் நாலு பருக்கை, மேலே ஒரு கைப்பிடி புதினா. “கொஞ்சம் கலர்ஃபுல்லா பண்ணுங்களேன் சார்” என்பார்கள். பண்ணலாம், ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அப்போது அது வேறு ஊர்ப் பிரியாணி ஆகிவிடும். பழுப்பைப் பழுப்பாகவே வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விட்டு, நெய் பட்ட ஒவ்வொரு பருக்கையும் தனியாக மின்னும்படி எடுப்பது சிரமம். நான் அந்தச் சிரமத்தைப் படுகிற கட்சி. சில நேரம் வாதாடி ஜெயிப்பேன், பல நேரம் புதினாவே ஜெயிக்கும்.

வாழையிலையும் அப்படித்தான். நுனி, சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும், சோறு கீழ்ப்பாதியில், காய்கறி மேல்பாதியில். படத்தைச் சரியாக எடுத்துக் கொடுத்திருப்போம். விளம்பரத்தில் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று வடிவமைப்பாளர் அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிடுவார். நுனி வலப்பக்கம் போய்விடும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு எங்கோ இடிக்கும். எந்த லென்ஸும் சொல்லித்தராத விஷயம் இது. இன்னொன்று, இலையில் பட்டுத் திரும்பும் ஒளி சோற்றின் ஓரத்தில் லேசாகப் பச்சை பூசும். அதை முழுவதும் துடைத்து எடுத்தால் சோறு இலையில் இருப்பதுபோலவே தெரியாது. எவ்வளவு விடுவது என்பதற்குக் கணக்கு இல்லை, கண்தான்.

ஏமாற்று வேலை பற்றிக் கேட்காமலேயே பதில் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுதான் வரும். ஐஸ்கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியல், காபி நுரைக்குச் சோப்பு நுரை, தட்டுக்குப் பின்னால் சூடான ஈரப்பஞ்சை ஒளித்துவைத்து ஆவி: எல்லாம் உண்மை, எல்லாமே பழைய வித்தைகள். அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே எழும்ப வைத்தார்கள். அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் அதில் தலையிட்டு 1970-ல் உத்தரவே பிறப்பித்தது. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விளம்பர விதிமுறைகள் 2018-லேயே வந்துவிட்டன. என் அளவில் ஒரு கோடு வைத்திருக்கிறேன். எந்தப் பொருளை விற்கிறார்களோ அது நிஜமாக இருக்க வேண்டும். நெய் விளம்பரத்தில் நெய் நெய்யாக இருக்கட்டும், பின்னால் மங்கலாகத் தெரியும் காபி ஆறிப்போயிருந்தால் பரவாயில்லை.

‘பணத்துக்காக எடுத்தால் கலை இல்லை’ என்ற பேச்சை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கலிபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் என்ற புகைப்படக் கலைஞர் 1930-ல் எடுத்த ‘பெப்பர் எண் 30’ ஒரு குடைமிளகாய்ப் படம். யாரும் கேட்டு எடுத்ததில்லை, உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் உயிர் எங்கே இருக்கிறது? மிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்ததில். புனலின் உட்பக்கம் ஒளியை எல்லாத் திசையிலிருந்தும் மிளகாயின் வளைவுகள் மேல் திருப்பிவிட்டது. பல நிமிடம் லென்ஸைத் திறந்தே வைத்து எடுத்த எக்ஸ்போஷர் அது. அந்தப் புனலைக் கண்டுபிடித்தது கலைஞனா, தொழிலாளியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அந்த வரிசையில் எடுத்த மிளகாய்களை அவர் கடைசியில் சாப்பிட்டும் விட்டார், எனக்கு மிகவும் பிடித்த தகவல் அது. எங்கள் ஸ்டுடியோவில் நீர்த்துளிபோல் தெரிவதற்காகக் கிளிசரின் தெளித்ததை யாரும் சாப்பிடத் தொட முடியாது. இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரையும் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வோக் ஃபேஷன் இதழுக்கும் க்ளினிக் என்ற அழகுசாதன நிறுவனத்தின் விளம்பரங்களுக்கும் எடுத்தவர். 1977-ல் உறைந்த பழங்களையும் காய்கறிகளையும் கட்டி கட்டியாக அடுக்கி எடுத்த ‘ஃப்ரோசன் ஃபுட்ஸ்’ படமும் அதே கையிலிருந்து வந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், நம் சட்டம் இந்தச் சண்டையை எப்போதோ முடித்துவிட்டது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கலைநயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகைப்படம் ‘கலைப் படைப்பு’தான் என்கிறது. உணவகச் செயலியில் போடுகிற மசால் வடைப் படமும் கலைப் படைப்பு! உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான் என்கிறது. எடுத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடம் இருக்கும், ஆனால் படத்தை அவர்கள் வருடக்கணக்கில் பயன்படுத்தினாலும் கூடுதலாகப் பைசா வராது.

அதனால், இறங்குவதாக இருந்தால் தாராளமாக இறங்குங்கள். புது லென்ஸ் இப்போது வேண்டாம். இரண்டு தெர்மாகோல் அட்டை, கொஞ்சம் டிரேசிங் பேப்பர், கறுப்பு சார்ட் வாங்கி வீட்டு இட்லியை வைத்துப் பழகுங்கள். முதல் வாடிக்கையாளர் வரும்போது படம் யாருக்குச் சொந்தம், எங்கெங்கே போடலாம், எத்தனை காலத்துக்கு, திருப்பவோ வெட்டவோ கேட்க வேண்டுமா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு விளக்கைப் போடுங்கள்.