மருத்துவமாதுவிடம் கேளுங்கள்: கருக்கலைப்பும் உளவளத்துணையும்

முப்பது வருடம் வன்னியில் சைக்கிளில் வீடு வீடாகத் திரிந்த மருத்துவமாது நான். இப்போது ஓய்வு. கருக்கலைப்புக்கு முன் சுயாதீன உளவளத்துணை, அதாவது கருக்கலைப்புச் செய்யும் அமைப்பைச் சேராத ஒருவரின் ஆலோசனை, வேண்டுமா என்று 2011இல் பிரித்தானியாவில் நடந்த விவாதத்தைப் பற்றிப் போன கிழமை எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றை மட்டும் வரிசை மாற்றி முதலில் போடுகிறேன்.

"அக்கா, குளிசை போட்டு மூன்று நாள். ரத்தம் நிற்குதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் பிடிக்குமா?"

தங்கச்சி, இதை வாசித்துக்கொண்டிருக்காமல் வெளிக்கிடுங்கள். மணிக்கு இரண்டு பாட் நனைந்து, அப்படியே இரண்டு மணித்தியாலம் போனால் அது ஆபத்து. காய்ச்சல், கெட்ட மணம், அடிவயிற்று வலி இருந்தாலும் அப்படித்தான். கரு எப்படிக் கலைந்திருந்தாலும் அதற்குப் பிந்திய சிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். என்ன குளிசை, எத்தனை என்று டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். வார்டுக்கே கேட்கிற மாதிரி ஒரு பிள்ளையை ஏசின தாதி மிஸ்ஸியை நானே பார்த்திருக்கிறேன். ஏச்சு இரண்டு நாளில் போய்விடும். கிருமி பரவினால் உயிர் போய்விடும்.

"2011இல் லண்டனில் என்னதான் நடந்தது? சுயாதீனமாக ஆலோசனை கேட்டது பிழையா அக்கா?" (லண்டன், சொந்த ஊர் மல்லாவி)

கேட்டது பிழையில்லை தம்பி. கன்சர்வேட்டிவ் எம்.பி. நடீன் டொரிஸும் தொழிற்கட்சி ஃபிராங்க் ஃபீல்டும் சுகாதாரச் சட்டமூலத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கருக்கலைப்புச் செய்து காசு வாங்கும் பிபிஏஎஸ், மேரி ஸ்டோப்ஸ் போன்ற அமைப்புகளே பெண்ணுக்கு ஆலோசனையும் சொல்லலாமா என்பது அவர்களின் கேள்வி. மீன்காரியிடமே மீன் நல்லதா என்று கேட்கிற மாதிரி என்றார்கள், என் வார்த்தையில் சொன்னால். எதிர்த்தவர்களுக்கு வேறு பயம்: ஆலோசனை சொல்பவரின் கதிரையில் மதக் குழுக்கள் வந்து இருந்தால்? நாள் இழுபட்டால்? விவாதம் முடிய முன்னரே ஃபீல்ட் பின்வாங்கிவிட்டார். ஆதரவாக 118, எதிராக 368 வாக்கு என்று திருத்தம் தோற்றது.

எனக்கு இதில் ஒரு குறை. காசு வாங்குபவருக்குச் சாய்வு உண்டு, சரி. கரு கலைப்பது பாவம் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவருக்குச் சாய்வு இல்லையா?

"யேர்மனியில் ஆலோசனை கட்டாயம். மூன்று நாள் பொறுக்கவும் வேண்டும். அது நல்லதுதானே அன்ரி?"

அங்கே ஆலோசனை சொன்ன டொக்டரே கருக்கலைப்புச் செய்ய முடியாது, அது நல்ல ஏற்பாடு. எட்டும் தூரத்தில் நிலையம் இருக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது மகள். ஆனால் இங்கே வன்னியில் ஒட்டுசுட்டான் பிள்ளை ஒரு கிழமையில் இரண்டு தரம் பஸ் ஏறினாலே ஊர் கதைக்கும்.

"இலங்கையில் அனுமதியே இல்லை. பிறகு நமக்கு ஏன் இந்த விவாதம்?" (புதுக்குடியிருப்பு)

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் விடுகிறது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வரை. தானே கலைத்த பெண்ணும் அதற்குள் அடக்கம். 1995இல் தளர்த்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2017இல் வன்புணர்வுக்கும் பிழைக்க முடியாத சிசுக் குறைபாட்டுக்கும் அமைச்சரவை சம்மதித்தது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது, அதுவும் நின்றுபோனது.

வாசலே இல்லாத வீட்டுக்கு யார் காவல் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லைதான். ஆனால் ஆலோசனை இங்கேயும் நடக்கிறது. பாமசிப் பெடியன் சொல்கிறான், பக்கத்து வீட்டு மாமி சொல்கிறா, ஏமாற்றினவனே சொல்கிறான். இவர்களில் யார் சுயாதீனம்?

"மகளுக்குப் பதினைந்து வயது. ஐந்து மாதம் என்கிறார்கள். என்ன செய்ய?"

அம்மா, பதினாறுக்குக் கீழே பிள்ளை சம்மதித்தாலும் சட்டத்தில் அது வன்புணர்வு. அப்படியிருந்தும் இன்றைய சட்டத்தில் கலைக்க வழியில்லை, இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசி இலக்கம் 1929, அதற்கு எடுங்கள். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், இந்த வயதில் பிரசவம் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. செய்தவனுக்கே கட்டிக்கொடுக்கலாம் என்று யாராவது வந்தால் படலையைச் சாத்துங்கள். பொதுச் சட்டத்தில் கலியாண வயது பதினெட்டு.

"வன்னியில் நம்பி யாரிடம் கதைப்பது?"

பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' இருக்கும். வீட்டில் அடி உதை என்றால் அங்கே போகலாம். 1938 பெண்களுக்கான தொலைபேசி இலக்கம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர் உங்கள் சித்தப்பாவுடன் படித்தவராக இருப்பார், அதுதான் வன்னி. அப்படியென்றால் அடுத்த பிரிவுக்குப் போங்கள். போய் இருந்ததும் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "ஆர் காரணம்?" என்றால் எழும்பி வரலாம். "நீ என்ன யோசிக்கிறாய் பிள்ளை?" என்றால் இருந்து கதையுங்கள்.

மிச்சக் கேள்விகளை ஞாயிறு இரவு பார்க்கிறேன். ரத்தம் நிற்கவில்லை என்று எழுதின தங்கச்சி, போய்ச் சேர்ந்தால் ஒரு சொல் போடுங்கள்.