விண்வெளிக் கதைகளில் ஏன் எல்லாமே கப்பல் சொற்கள்?

கேப்டன், பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் அறை), டெக் என்று கப்பல் வார்த்தைகளே வருகின்றனவே, விமானப்படைச் சொற்கள் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர் விமானம் சில மணி நேரத்தில் தளத்துக்குத் திரும்பிவிடும். கதையில் வரும் விண்கலமோ மாதக்கணக்கில் வெளியே இருக்கும். ஆட்கள் அதிலேயே சாப்பிட்டு, தூங்கி, முறை வைத்து வேலை பார்ப்பார்கள். இது அப்படியே கப்பல் வாழ்க்கை, அதிலும் நீர்மூழ்கி வாழ்க்கை.

அப்புறம், இந்தச் சொற்களால் நிஜமான உபயோகமும் உண்டு. எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடம் வலம் மாறிவிடும். 'ஸ்டார்போர்டு' மாறாது: முன்பக்கம் பார்த்தால் கப்பலின் வலப்பக்கம் எதுவோ அது, நீங்கள் எப்படித் திரும்பி நின்றாலும் சரி. பழங்காலத்தில் சுக்கான் துடுப்பு அந்தப் பக்கம் இருந்ததால் வந்த பெயர். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே வழக்கம்தான். அதன் நீண்ட சட்டகத்தில் எஸ்1, பி1 என்று பகுதிகள் உண்டு. எஸ் என்றால் ஸ்டார்போர்டு, பி என்றால் போர்ட், அதாவது இடப்பக்கம்.

தமிழில் இது இன்னும் இயல்பு. 'கலம்' என்ற சொல்லே மரக்கலத்திலிருந்து விண்ணுக்குப் போனதுதான். காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பாருங்கள்: கூர்ந்து உயர்ந்த அந்த முன்பகுதிக்கு மீனவர் தமிழில் அணியம், பின்பகுதிக்கு அமரம். கப்பல் ஓட்டுபவனுக்கு மீகாமன் என்று எவ்வளவு அழகான பழஞ்சொல் இருக்கிறது! நம் விண்வெளிக் கதைகளில் இவற்றைப் படிக்க எனக்கு ரொம்ப ஆசை.