அரளியில் நீலக் கண் புழு: வாசகர் கேள்விகள்

வாசல் அரளியில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு. தலைப்பக்கம் இரண்டு நீலக் கண், பின்னால் கொடுக்கு. பிள்ளைகள் பாம்புக்குட்டி என்று அலறுகிறார்கள். கடிக்குமா? (மண்டபம்)

கடிக்காது, கொட்டவும் செய்யாது. கொடுக்கு மாதிரித் தெரிவது வெறும் வால். அந்தக் கண்களும் பொய்க்கண்கள்தான். நிஜத் தலை அதற்கு முன்னால் சின்னதாக இருக்கும். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், பொய்க்கண் உப்பி முழிக்கும். குருவியே மிரளும்போது பிள்ளைகள் மிரளாமல் என்ன செய்வார்கள்!

இது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை. 1758இல் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே அரளி இருக்கிறது; நீரியம் என்றால் அரளி.

நன்றாக வளர்ந்ததும் புழு பழுப்பாகி, செடியை விட்டு இறங்கிச் சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகும். நம் பக்கத்தில் மணல் முற்றத்தைப் பளிச்சென்று பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்திவிடுவோம். கூடும் அதோடு சேர்ந்து போய்விடும். அரளி மூட்டில் கிடக்கிற சருகையாவது விட்டுவையுங்கள். மருந்து அடிக்க வேண்டாம், மொட்டையான கிளை மறுபடி துளிர்க்கும்.

அரளி விஷமாச்சே, புழு சாகாதா? (கீழக்கரை)

சாகாது. ஆடு மாடு தின்றால் உயிருக்கே ஆபத்தான இலைதான் இதற்குச் சோறு. புழு தின்கிறதே என்று ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அரளி இல்லை. ஆனால் நித்தியகல்யாணியில் இதே புழு? (தொண்டி)

அதே ஆள்தான். நந்தியாவட்டை, அடீனியத்திலும் வரும். தொட்டிச் செடி என்றால் புழுவைக் குச்சியால் எடுத்து அரளிப் புதர் இருக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள்.

ராத்திரி டியூப்லைட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பூச்சி, ரோஸ் நிறக் கோடுகளோடு. கடல் தாண்டி வந்ததா? (பாம்பன்)

இறகு விரித்தால் சுமார் 10 செ.மீ. இருக்கும். தாய்ப்பூச்சி இதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து கோடையில் ஐரோப்பாவரை பறந்துபோகிற இனம், பாக் நீரிணை இதற்குப் பெரிய தூரமில்லை. ஆனால் உங்கள் விளக்குக்கு வந்தது பக்கத்துத் தெரு அரளியில் பிறந்ததாகவே இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, அந்தி நேரத்தில் பூச்செடிப் பக்கம் பாருங்கள்: உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

காரங்காட்டில் அலையாத்தி இலைகளை அரித்துத் தின்பதும் இதுதானா?

இல்லை. அலையாத்தியைத் தின்கிற அந்துப்பூச்சிப் புழுக்களில் தேக்கு இலைப்புழுவும் ஒன்று. அது வேறு குடும்பம், உருவத்தில் மிகச் சிறியது.