மஞ்சளில்தான் தாண்டினேன், என் மேல் எப்படித் தப்பு வரும்?

கேள்வி: சிக்னலுக்கு 60 மீட்டர் முன்னால் வரும்போது மஞ்சள் விழுந்தது. 50 கி.மீ. வேகத்தில்தான் வந்தேன். நிறுத்தினால் பின்னால் வருகிறவர் இடித்துவிடுவார் என்று கொஞ்சம் மிதித்து, மஞ்சளிலேயே கோட்டைத் தாண்டினேன். எதிரிலிருந்து வந்து குறுக்கே திரும்பிய பைக்காரருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் ஹெல்மெட் போடவில்லை. கூட்டத்தில் என்னைக் கேவலமாகத் திட்டினார். போலீஸ் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. மனிதாபிமானத்தோடு மன்னிப்புக் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால் எதிர்த்து நிற்கலாமா?

பதில்: திட்டியது, போலீஸ் கேட்காதது இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். ஹெல்மெட்டையும்தான். முறிந்தது கால்.

மஞ்சளில் போகலாமா என்பதற்கு, சாலைக் குறிகள், சிக்னல்கள் பற்றிய 1968 வியன்னா உடன்படிக்கை சொல்லும் விதிதான் பல நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது: மஞ்சள் விழும்போது பத்திரமாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டும் போகலாம், மற்றவர் நிற்க வேண்டும். சிவப்பு விழும் முன் உள்ளே நுழைந்தால் போதும் என்கிற இடங்களும் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அப்படித்தான். உங்களுக்கு எது பொருந்தினாலும், நீங்கள் எழுதியிருக்கிற கணக்கு உங்களைக் காப்பாற்றுவது கஷ்டம்.

50 கி.மீ. என்றால் விநாடிக்கு 14 மீட்டர். சுதாரிக்க ஒரு விநாடி, அப்புறம் டயர் கிறீச்சிடாமல் நிதானமாக பிரேக் பிடித்தால் சுமார் 32 மீட்டர். ஆக 46 மீட்டரில் நின்றிருக்கலாம், உங்களிடம் 60 இருந்தது. சரி, நிற்கவில்லை. நகரச் சாலைகளில் மஞ்சள் பெரும்பாலும் மூன்று, நான்கு விநாடிதான் எரியும். மூன்று விநாடியில் 60 மீட்டரைக் கடக்கச் சராசரி வேகம் 72 வேண்டும். 50-ல் இருந்து மிதித்துச் சராசரி 72 வர வேண்டுமானால், கோட்டைத் தொடும்போது வண்டி 90-க்கு மேல் போயிருக்கும். அதற்குப் பெயர் 'கொஞ்சம் மிதித்தது' இல்லை. மஞ்சள் மூன்று விநாடி என்றால், ஒன்று அதிவேகம், இல்லையென்றால் சிவப்பு. நான்கு விநாடி என்றால் சராசரி 54 போதும், 'கொஞ்சம் மிதித்தது' பொருந்தும். ஆனாலும் நிறுத்த இடமிருந்தும் நிற்கவில்லை என்பது மாறாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டிவிடுவார்.

என் கட்சிக்காரர்கள் பலர் கவிழ்வது விபத்தில் இல்லை, அதற்குப் பிறகு சொன்னதில். போலீஸிடம் '60 மீட்டர்', இன்ஷூரன்ஸ் படிவத்தில் '30 மீட்டர்', கூண்டில் ஏறியதும் 'பக்கத்தில் வந்துவிட்டேன்'. மூன்றும் ஒரே கையெழுத்தில். தூரம் எவ்வளவு என்று சொல்லலாம் என என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மஞ்சள் விழுந்தபோது எந்தக் கம்பத்தருகே இருந்தீர்கள் என்று நினைவிருந்தால் அங்கிருந்து கோடு வரை டேப் பிடித்து அளந்து, மஞ்சள் எத்தனை விநாடி எரிகிறது என்று வீடியோ எடுங்கள். நேரத்தைப் பின்னால் மாற்றிவிடவும் கூடும், அதனால் சீக்கிரம்.

காரையும் மறக்காதீர்கள். பல புதிய கார்களில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், ஆக்ஸிலரேட்டர், பிரேக் எல்லாம் பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்களுக்கு இந்தக் கருவி கட்டாயமே. டாஷ்கேம் இருந்தால் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அழித்தால் அதுவே தனி வழக்காகலாம்.

பின்னால் வந்தவர் இடிப்பார் என்ற வாதம்? அவர் ஒட்டிக்கொண்டு வந்தார் என்று காட்ட ஆதாரம் இருந்தால் கொஞ்சம் எடுபடும். வெறும் பயம் எடுபடாது. பைக்காரர் பார்க்காமல் திரும்பினார் என்று நிரூபித்தால் பொறுப்பு இரண்டு பேருக்கும் பங்காகும், உங்கள் பங்கு பூஜ்யம் ஆகாது.

அந்த வாய்ஸ் மெசேஜ்தான் எனக்குக் கவலை. 'அவசரப்பட்டுட்டேன், செலவை நான் பார்த்துக்கறேன்' என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு.

எதிர்த்து நிற்காதீர்கள், சமரசத்துக்குப் போங்கள். ஆனால் நீங்களாகப் பேசாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் பணக்கவரோடும் போகாதீர்கள். நடந்ததை மாற்றாமல், அந்த மெசேஜையும் சேர்த்து, இந்த வாரமே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொகையை அவர்கள் பேசட்டும். கையெழுத்துப் போடும் முன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.