லைப்ரரிக்குள் லாக்பேக்கை வைக்கலாமா?

கேள்வி: பிடிஎஃப் கோப்புகளைப் படிக்கும் ஜாவா லைப்ரரி ஒன்றை நாங்கள் நால்வர் ஓப்பன் சோர்ஸாக வெளியிடுகிறோம். கூடவே ஒரு கமாண்ட் லைன் கருவியும் உண்டு. நிரல் ஓடும்போது நடப்பதை வரிவரியாகப் பதிவு செய்ய (லாக் செய்ய) லாக்பேக், லாக்4ஜே 2, ஜாவாவோடு வரும் ஜேயூஎல் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். எதை டீஃபால்ட்டாக வைப்பது?
- வாசகர், கோவை

பதில்: லைப்ரரிக்கு மூன்றுமே வேண்டாம். லாக் கருவிகளுக்கெல்லாம் பொது முகப்பான எஸ்எல்எஃப்4ஜே-யின் ஏபிஐ ஜாரை (ஜாவா நிரல் தொகுப்புக் கோப்பை) மட்டும் டிபென்டன்சியாக வையுங்கள். அது தானாக எதையும் எழுதாது; லாக் வரியை வாங்கி, பின்னால் இருந்து அதை உண்மையில் எழுதும் ப்ரொவைடரிடம் (லாக்பேக் போன்ற ஒன்றிடம்) கொடுக்கும். அந்த ப்ரொவைடர் எது என்பதை, உங்கள் லைப்ரரியைத் தன் அப்ளிகேஷனில் சேர்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். லாக்பேக்கை நீங்களே சேர்த்து அனுப்பினால், ஏற்கெனவே லாக்4ஜே 2 வைத்திருப்பவரிடம் இரண்டு ப்ரொவைடர்கள் வந்து நிற்கும். எஸ்எல்எஃப்4ஜே ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டு, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அது உங்களுடையதாக அமைந்துவிட்டால், அவர் பார்த்துப் பார்த்து எழுதிய கன்ஃபிக் ஃபைலை யாரும் படிக்கமாட்டார்கள். உங்கள் டெஸ்ட்டுகளுக்கு லாக்பேக் தேவையா? ஜாவா பில்ட் கருவியான மேவனில் டெஸ்ட் ஸ்கோப்பில் வையுங்கள், வெளியே போகாது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் பதிப்பு எண். 2022-ல் வந்த எஸ்எல்எஃப்4ஜே 2.0, ப்ரொவைடரைத் தேடும் முறையையே மாற்றிவிட்டது. லாக்பேக் 1.2 பழைய 1.7-க்கு எழுதப்பட்டது, 2.0-க்கு லாக்பேக் 1.3 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏபிஐயை மட்டும் உயர்த்திவிட்டு 1.2-ஐ அப்படியே விட்டால் அப்ளிகேஷன் நிற்காது. 'ப்ரொவைடர் கிடைக்கவில்லை' என்று தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அதன்பின் லாக் வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். லாக் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால், முதலில் டிபென்டன்சிகளைப் பட்டியலிடும் மேவன் கட்டளையான எம்விஎன் டிபென்டன்சி:ட்ரீ ஓடவிட்டு இந்த இரண்டு பதிப்பு எண்களையும் பாருங்கள்.

1.7-லேயே இருப்பவர்களும் உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்த வேண்டுமென்றால், 2.0-ல் புதிதாக வந்த அட்இன்ஃபோ போன்ற மெத்தட்களைத் தொடாதீர்கள். அவர்களிடம் அந்த மெத்தட் கிடையாது, ஓடும்போதுதான் உடையும். பழைய பாணியே போதும்:

லாக்.எர்ரர்("பக்கம் {} திறக்கவில்லை", எண், பிழை)

கடைசியில் நிற்கும் எக்ஸெப்ஷனுக்கு {} போடவேண்டாம். முழு ஸ்டாக் ட்ரேஸும் வரும். பிழையின் மெசேஜை மட்டும் எடுத்து ஒட்டினால், எந்த வரியில் உடைந்தது என்ற விவரம் போய்விடும்.

கமாண்ட் லைன் கருவி வேறு கதை. அதை ஓட்டுபவர் ஜார் எதையும் சேர்க்கப் போவதில்லை, ஆகவே அங்கே நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் தேர்வு எஸ்எல்எஃப்4ஜே-சிம்பிள். சின்ன ஜார், இன்ஃபோவையும் அதற்கு மேல்மட்ட வரிகளையும் மட்டும், ஸ்டாண்டர்ட் எர்ரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டில்) எழுதும். லாக்பேக்கோ கன்ஃபிக் இல்லாவிட்டால் டீபக் வரிகளையும் சேர்த்து ஸ்டாண்டர்ட் அவுட்டில் (வழக்கமான வெளியீட்டில்) கொட்டும். உங்கள் கருவி எடுத்துத் தரும் உரையை ஒருவர் பைப் போட்டு அடுத்த நிரலுக்கு அனுப்பினால், உரைக்கு நடுவே லாக் வரிகள் கலந்துவிடும். தேதிவாரியாகக் கோப்பைச் சுழற்றும் வசதி வேண்டுமென்றால் லாக்பேக்குக்குப் போங்கள். அப்போது திரையில் எழுதும் பகுதியான கன்சோல் அப்பெண்டரின் டார்கெட்டை சிஸ்டம்.எர் (ஸ்டாண்டர்ட் எர்ரர்) என்று மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: 2021-ல் வந்த லாக்4ஷெல் ஓட்டைக்குப் பிறகும் லாக்4ஜே 2-ஐ நம்பலாமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நம்பலாம். ஓட்டை இருந்தது லாக்4ஜே-கோர் ஜாரில்; லாக்4ஜே-ஏபிஐயில் அல்ல. லாக் செய்யும் செய்திக்குள் ஜேஎன்டிஐ (பெயர் சொல்லிப் பொருள்களைத் தேடும் ஜாவா வசதி) முகவரி வந்தால், அதையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளி சர்வரைத் தொடர்புகொண்டதுதான் கோளாறு. அடுத்தடுத்து வந்த திருத்தங்கள் ஜாவா 8-க்கு 2.17.1-ல் முடிந்தன, அதற்குக் கீழே உள்ள எதையும் வைத்திருக்காதீர்கள். கோரைத் தன் ஜாருக்குள்ளேயே பொதிந்து வெளியிட்ட லைப்ரரிகளைப் பயன்படுத்தியவர்கள்தான் அப்போது அதிகம் தவித்தார்கள். அவர்களால் கோரின் பதிப்பு எண்ணைத் தாங்களே மாற்ற முடியவில்லை. அந்த லைப்ரரியின் புது ரிலீஸுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. லாக்4ஜே 1 என்றால் பேச்சே வேண்டாம்: 2015-லேயே அதன் பராமரிப்பு நின்றுவிட்டது.