உறைந்த தேன் கலப்படத் தேனா?

கேள்வி: தேனீ வளர்ப்பவரிடமே நேரில் வாங்கிய பச்சைத் தேன், இரண்டே மாதத்தில் அடியில் வெள்ளை வெள்ளையாக உறைந்துவிட்டது. சர்க்கரைப் பாகு கலந்து ஏமாற்றிவிட்டாரா ஐயா?

பதில்: இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த நான்காவது கடிதம் இது. உறைந்ததை மட்டும் வைத்து அவரைத் திட்டாதீர்கள். தேனில் உள்ள குளுக்கோஸ், கரைந்திருக்கப் போதிய தண்ணீர் இல்லாமல் படிகமாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. கடுகு, சூரியகாந்திப் பூத் தேன் சில வாரங்களிலேயே உறையும். பச்சைத் தேனில் மகரந்தத் தூளும் மெழுகுத் துணுக்கும் இருப்பதால், அவற்றைப் பற்றிக்கொண்டு படிகம் வளர்வது இன்னும் சுலபம். அப்படியே சாப்பிடலாம். இளகித்தான் ஆகவேண்டும் என்றால் புட்டியை 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் ஏற்றினால் மணமும் நொதிகளும் போய்விடும்.

கேள்வி: தேன் என்பது தேனீயின் வாந்தி என்று எங்கோ கேட்டுவிட்டு, என் பேத்தி தொடவே மாட்டேன் என்கிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: அது வாந்தி இல்லை, குடத்தில் கொண்டுவந்த சரக்கு என்று சொல்லுங்கள். தேனீக்குச் செரிக்கும் வயிற்றுக்கு முன்னால் தனியாக ஒரு தேன்பை உண்டு. நடுவில் வால்வு இருப்பதால் வயிற்றில் உள்ளது பைக்குத் திரும்பி வராது. பூவில் உறிஞ்சும் மதுரத்தில் பெரும்பாலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதைக் கூட்டில் இருக்கும் இளம் தேனீ வாயோடு வாய் வாங்கி, துளியாக வெளியே நீட்டி, உள்ளே இழுத்து, மறுபடி நீட்டும். இதற்குள் நொதி சேர்ந்து, சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடும். அப்புறம் அடையில் ஊற்றிவிட்டுச் சிறகால் விசிறத் தொடங்கும். இரவில் பெட்டியில் காதை வைத்தால் மின்விசிறி ஓடுவதுபோல ஒரே இரைச்சல்! தண்ணீர் 18 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகுதான் மெழுகால் மூடும்.

அந்த மூடிக்குக் காத்திருக்காமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தேனீ வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், அவசரப்பட்டு மூடாத அடைகளையும் சுற்றிப் பிழிந்து அடைத்து வைத்தேன். ஒரு மாதத்தில் நுரைத்துப் புளித்து, ஒரு புட்டியின் மூடி தெறித்துச் சுவரெல்லாம் தேன். தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம்தான். இப்போதெல்லாம் முக்கால் பங்காவது மூடியிருந்தால்தான் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தையே வெளியே எடுப்பேன். சந்தேகம் வந்தால் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு. துளி சிந்தினால் திரும்ப உள்ளே.

கேள்வி: தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்பதுதான் சுத்தமான தேனாமே?

பதில்: கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் நிற்கும். விரல் நகம், தீக்குச்சி, எறும்புச் சோதனைகளும் இதே கதைதான். கலப்படத்தை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு வயது நிரம்பும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம், எவ்வளவு நல்ல தேனானாலும் சரி. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அவை சாகாது.